மில் 10 நிமிடம் சும்மா நிற்கிறது, வாளிகள் வரிசையில் நிற்கின்றன: என் கணக்கில் எங்கே பிழை?

கேள்வி: மில்காரர் மருமகள், மேலூர்

அனைவருக்கும் வணக்கம். மேலூரிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையோரச் சிற்றூர் ஒன்றில் என் மாமனார் நெடுங்காலம் நடத்திவந்த மாவு மில்லை, அவருக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால், சென்ற ஆண்டு முதல் நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியில் கணிதம் படித்தவள்தான். ஆனால் நிகழ்தகவுத் தாளில் தேறியதோடு அந்தப் பாடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. ஆகவே கேள்வியிலேயே பிழை இருந்தால் திருத்திப் பதில் தாருங்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு அரைவை இயந்திரம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, மிளகாய் வத்தல், மல்லி எல்லாம் அதில்தான் அரைபடுகின்றன. கூட்டம் காலை 8 மணி முதல் 12 மணி வரை. வருகிறவர்கள் வாளியையோ சம்படத்தையோ வரிசையில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். சிலர் கடைக்குப் போய்விட்டு வருவார்கள். வாளிதான் வரிசையில் நிற்கும். முன்னால் உள்ள வாளி நகர்ந்தால், பக்கத்தில் இருப்பவர் எவரானாலும் அடுத்ததைக் காலால் தள்ளிவிடுவார். இந்த ஏற்பாட்டில் இதுவரை சண்டை வந்ததில்லை.

பங்குனி பிறந்ததும் வத்தல் அரைக்க வருகிறவர்கள் கூடினார்கள். அத்துடன் காத்திருப்பு பற்றிய முணுமுணுப்பும் கூடியது. வாசலில் கூட்டம் காத்து நின்றால்தான் மில்லுக்கு மரியாதை என்கிறார் மாமனார். கடன் வாங்கி இரண்டாவது இயந்திரம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். நான் ஒரு நோட்டை எடுத்து 6 நாட்கள் காலை நேரம் முழுவதும் எழுதிப் பார்த்தேன். 24 மணி நேரத்தில் மொத்தம் 240 பேர் வந்தார்கள், அதாவது மணிக்குச் சராசரி 10 பேர். அவர்களில் 216 பேர் அரிசி, கோதுமை, கேழ்வரகு கொண்டுவந்தவர்கள்; ஒருவருக்குச் சுமார் 3 நிமிடம் ஆனது. மீதி 24 பேர் வத்தலும் மல்லியும் கொண்டுவந்தவர்கள். அரைத்து, அடுத்தவர் மாவில் காரம் ஏறாதபடி இயந்திரத்தைத் துடைத்து முடிக்க ஒருவருக்குச் சுமார் 23 நிமிடம் ஆனது. கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் மில் 50 நிமிடம் ஓடியிருக்கிறது, 10 நிமிடம் சும்மா நின்றிருக்கிறது.

குழப்பம் இங்கேதான். 10 நிமிடம் சும்மா நிற்கும் மில்லுக்கு முன்னால் ஏன் பெரும்பாலான நேரம் வரிசை இருக்கிறது? 10 நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் உள்ள வாளிகளை எண்ணினேன். சில நேரம் ஒன்றுகூட இல்லை, சில நேரம் 13 இருந்தன, சராசரி 5. எவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை எழுத முடியவில்லை, ஏனென்றால் ஆட்கள் எங்கேயோ இருக்கிறார்கள், வாளி மட்டும்தான் என் கண்முன் இருக்கிறது. இப்படிப்பட்ட வரிசை நன்றாக நடக்கிறதா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது, இரண்டாவது இயந்திரம் உண்மையிலேயே தேவையா என்பதை விளக்க முடிந்தவர்கள் விளக்குங்கள்.


பதில் 1: கணித ஆசிரியர், மதுரை

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. மில் சும்மா நின்ற நிமிடங்களும் மக்கள் காத்திருந்த நிமிடங்களும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்ததுதான் பிழை. காலை 8.10-க்கு எவரும் வராமல் வீணான நிமிடத்தைப் பானையில் ஊற்றி மூடிவைத்து, 9.30-க்குக் கூட்டம் நெரியும்போது திறந்து பயன்படுத்த முடியாது. வாளிகள் காத்திருக்கும், மில்லின் ஓய்வு காத்திருக்காது. வருகை ஒழுங்கற்றதாக இருக்கும் இடத்தில் வரிசையும் ஓய்வும் ஒரே நாளில் மாறி மாறி வருவது இயல்பு.

இதைக் கணக்காக்கியவர்களில் முன்னோடி, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டேனிஷ் கணிதவியலர் அக்னர் கிராரப் எர்லாங். தொலைபேசி அழைப்புகள் தற்செயலாக வரும்போது அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலில் (ஒரு கால அளவில் தற்செயல் நிகழ்வு எத்தனை முறை நேரும் என்பதற்கான நிகழ்தகவுகளைத் தரும் முறை) அமைகிறது என்பதை அவர் 1909-இல் காட்டினார். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் தவறும், எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கான சூத்திரங்களை 1917-இல் வெளியிட்டார். உங்கள் வாளியும் அவருடைய தொலைபேசி அழைப்பும் கணக்குக்கு ஒன்றுதான்.

முதலில், வரிசையை எதைக் கொண்டு அளப்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதற்கான விடை ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருக்கிறது. ஆட்களைத் துரத்திக்கொண்டு போய் நேரம் கேட்க வேண்டியதே இல்லை. வரிசையில் சராசரியாக இருக்கும் எண்ணிக்கை, வருகை வீதத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் வருவதற்குச் சமம். ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவியதால் இது லிட்டில் விதி எனப்படுகிறது. வருகை எந்தப் பரவலில் உள்ளது, எத்தனை இயந்திரங்கள் உள்ளன, யாரை முதலில் அழைக்கிறோம் என எதையும் இந்த விதி கேட்பதில்லை. நெடுநேரச் சராசரி நிலையாக இருந்தால் போதும். உங்கள் வரிசையில் சராசரி 5 வாளிகள், மணிக்கு 10 பேர் வருகை. ஆகவே சராசரிக் காத்திருப்பு 5-ஐ 10-ஆல் வகுத்தால் வரும் அரை மணி நேரம். வாளியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நீங்கள் ஆட்களின் காத்திருப்பையும் அளந்துவிட்டீர்கள்.

அடுத்து, அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்பது. மில் ஓடும் நேரத்தின் பங்கை, அதாவது 60-இல் 50-ஐ, பயன்பாட்டு வீதம் என்பார்கள். உங்களுக்கு அது 83 விழுக்காடு. வருகை தற்செயலானது, சேவை நேரமும் அடுக்குக்குறிப் பரவலில் (குறுகிய நேரங்கள் மிகுதி, நீண்ட நேரங்கள் அரிது என்ற வகையில்) ஏறி இறங்குவது, சேவையாளர் ஒருவர் என்று கொண்ட மிக எளிய மாதிரியை, டேவிட் கெண்டால் 1953-இல் வகுத்த குறியீட்டு முறையில், எம்/எம்/1 என்று எழுதுகிறோம். அதில் காத்திருப்பு நேரம் என்பது பயன்பாட்டை ஓய்வுப் பங்கால் வகுத்துச் சராசரிச் சேவை நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். சராசரிச் சேவை 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்: மில் பாதி நேரம் ஓடினால் காத்திருப்பு 5 நிமிடம், 80 விழுக்காடு ஓடினால் 20 நிமிடம், 90 ஆனால் 45 நிமிடம், 95 ஆனால் 95 நிமிடம். 80-இலிருந்து 90-க்குப் போகும்போது வேலை எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. பங்குனியில் வத்தல் வாளிகள் சில கூடியதும் முணுமுணுப்பு திடீரென்று எழுந்ததன் காரணம் இதுவே. இயந்திரம் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது என்று நினைக்கும் முதலாளி, தம்மை அறியாமலேயே வரிசையை முடிவில்லாமல் நீளச் சொல்கிறார்.

ஆனால் உங்கள் மில்லுக்கு அந்த எளிய மாதிரி முழுவதும் பொருந்தாது. உங்கள் மில்லில் உள்ள 23 நிமிட வத்தலை அந்த மாதிரி காண்பதில்லை. சேவை நேரம் எப்படி இருந்தாலும் பொருந்தும் சூத்திரம் ஒன்று, 1930-இல் பொல்லாசெக், 1932-இல் கின்ச்சின் ஆகியோரின் பணியால் கிடைத்தது. சேவை நேரம் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள். அதை வருகை வீதத்தால் பெருக்குங்கள். ஓய்வுப் பங்கின் இரு மடங்கால் வகுங்கள். உங்களிடம் பத்தில் ஒன்பது பேருக்கு 3 நிமிடம், ஒருவருக்கு 23 நிமிடம். சராசரி 5 நிமிடம்தான், ஆனால் வர்க்கங்களின் சராசரி 61. நிமிடத்துக்கு ஆறில் ஒரு பங்கு வருகை, ஆறில் ஒரு பங்கு ஓய்வு என்று போட்டால் காத்திருப்பு 30.5 நிமிடம் என்று வருகிறது. அதே 10 பேருக்கும் சரியாக 5 நிமிடம் ஆகியிருந்தால் வர்க்கச் சராசரி 25 ஆகி, காத்திருப்பு 12.5 நிமிடமாக இருந்திருக்கும். மில் ஓடும் நேரம் இரண்டிலும் அதே 50 நிமிடம்.

சூத்திரத்தை நம்ப மனம் வராவிட்டால் இப்படி எண்ணிப் பாருங்கள். பத்துப் பேரில் வத்தல்காரர் ஒருவர்தான். ஆனால் மில் ஓடும் 50 நிமிடத்தில் 23 நிமிடம் அவருடையது. ஓடும் மில்லுக்குள் நுழைகிற ஒருவர் அங்கே வத்தல் அரைபடுவதைக் காணும் வாய்ப்பு பத்தில் ஒன்று அன்று, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. நெட்டை வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நேரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை அவையே.

ஆகவே வத்தலைக் காலையிலிருந்து பிரித்துப் பிற்பகலுக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். மணிக்கு 9 பேர், ஆளுக்கு 3 நிமிடம். மில் 27 நிமிடம்தான் ஓடும். காத்திருப்பு 1 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 30 நிமிடம் எங்கே, 1 நிமிடம் எங்கே! விடையைப் பார்த்துவிட்டு நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.

இரண்டாவது இயந்திரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எளிய மாதிரிப்படி ஒரே இயந்திரத்தில் 25 நிமிடமாக இருக்கும் காத்திருப்பு, இரண்டு இயந்திரங்களுக்கு முன் ஒரே வரிசை வைத்தால் சுமார் 1 நிமிடமாகும். அதே இரண்டு இயந்திரங்களுக்கும் தனித்தனி வரிசை வைத்து, வருகிறவர்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றால் சுமார் 3.6 நிமிடம். எனவே இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாளி வரிசையை ஒன்றாகவே வைத்திருங்கள். இரண்டுக்குப் பதிலாக இரு மடங்கு வேகமுள்ள ஒன்றை வாங்கினால் வரிசையில் நிற்பது 1.8 நிமிடமாகச் சற்றுக் கூடும், ஆனால் அரைத்து வாங்கிக்கொண்டு வெளியேறும் வரை ஆகும் மொத்த நேரம் 6 நிமிடத்திலிருந்து 4.3 நிமிடமாகக் குறையும். எதைக் குறைக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

சராசரியை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிய மாதிரியில் ஒருவர் வந்து திரும்பும் வரை சராசரியாக 30 நிமிடம் ஆகிறது என்றால், நூற்றில் 13 அல்லது 14 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று பொருள். ஊர் முழுவதும் போய்ப் பேசுகிறவர்கள் அந்த 13 பேர்தான். அரை மணிக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பதைத் தனியே ஒரு பத்தியில் எழுதிவாருங்கள்.


பதில் 2: பழைய மில்காரர், உசிலம்பட்டி

அம்மா, ஆசிரியர் ஐயா எழுதியதில் சூத்திரம் எனக்கு விளங்கவில்லை, விடை விளங்கியது. நாற்பது ஆண்டுகளாக நான் சூத்திரம் இல்லாமல் செய்துவந்ததும் அதுதான். காலையில் அரிசி, அடுத்து கோதுமையும் கேழ்வரகும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மல்லியும் வத்தலும், எல்லாம் முடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாள் சீயக்காய். இந்த வரிசையை மாற்றினால் ஒருவர் வீட்டுப் புட்டு இன்னொருவர் வீட்டுக் குழம்பு வாசனை அடிக்கும்.

நீங்கள் எழுதியிருக்கும் 23 நிமிடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வத்தல் அரைபடுவதற்கு 13 நிமிடம் ஆகுமா? மீதி 10 நிமிடம் இயந்திரத்தைத் தட்டி, துணிப் பையை மாற்றி, பச்சரிசி ஒரு கை போட்டு ஓட்டிக் காரத்தை எடுப்பதற்குத்தானே போகிறது? வத்தலுக்குப் பின் வத்தலே வந்தால் அந்தத் துடைப்பு தேவையில்லை. நாளுக்கு 4 பேர் தனித்தனியாக வந்தால் 92 நிமிடம் ஓடும். அடுத்தடுத்து வந்தால் நான்கு பதின்மூன்று 52, கடைசியில் ஒரு துடைப்பு 10, ஆக 62 நிமிடத்தில் முடிந்துவிடும். அரை மணி நேர மின்சாரமும் உங்கள் இடுப்பும் மிச்சம்.

ஆனால் நால்வரையும் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிடாதீர்கள். நான்காமவர் முன் மூவருக்கும் காத்துக் கிடப்பார். மூன்று, மூன்றேகால், மூன்றரை என்று நேரம் சொல்லி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்கு வராதவரைக் கடைசியில் வையுங்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால் மூன்றாம் முறை எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள்.

இன்னொன்று. இடியாப்பத்துக்கு ஒரு கிலோ அரிசி கொண்டுவந்த பெண்ணை வத்தல் வாளிக்கு முன்னால் விடலாமா என்று கேட்பார்கள். நான் விட்டுப் பார்த்தேன். சின்ன வாளிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். பெரிய வாளிக்காரர் ஒருவர் அதன் பிறகு என் மில் பக்கமே வரவில்லை.


பதில் 1-இன் தொடர்ச்சி: கணித ஆசிரியர், மதுரை

பெரியவர் சொன்ன அந்தச் சின்ன வாளி முறையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வத்தலைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, ஆனால் 3 நிமிட வாளிகளுக்கு எப்போதும் முன்னுரிமை தந்தால், அவர்களின் காத்திருப்பு 30 நிமிடத்திலிருந்து சுமார் 9 நிமிடமாகக் குறைகிறது. வத்தல்காரரின் காத்திருப்பு சுமார் 55 நிமிடமாக ஏறுகிறது. எல்லோருக்குமான சராசரி 14 நிமிடத்துக்கு வந்துவிடுவதால் நோட்டில் பார்க்க அழகாக இருக்கும். ஆயினும் முன்னுரிமை என்பது மில்லின் வேலையில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைப்பதில்லை. ஒருவர் தோளிலிருந்து இறக்கிய காத்திருப்பு இன்னொருவர் தோளில் ஏறுகிறது. மீனாட்சியம்மன் கோயிலில் கட்டண தரிசன வரிசை விரையும்போது பொது வரிசையில் நிற்பவர்கள் இதை யாரும் சொல்லித்தராமலேயே அறிவார்கள். பெரியவரின் பிற்பகல் முறை வேறு வகையைச் சேர்ந்தது: அதில் துடைப்பு நேரம் உண்மையிலேயே மறைந்துபோகிறது.


பதில் 3: உற்பத்திப் பொறியாளர், கப்பலூர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சூத்திரம் 30.5 என்றது, நோட்டு 30 என்றது, ஆகவே சூத்திரம் மில்லை அப்படியே படம் பிடித்துவிட்டது என்று வாசிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. அந்தப் பொருத்தத்தில் தற்செயலும் கலந்திருக்கிறது.

அந்தச் சூத்திரங்கள் எல்லாம் நெடுநேரம் ஓடி நிலைபெற்றுவிட்ட வரிசைக்கானவை. உங்கள் மில் தினமும் காலை 8 மணிக்கு வெறும் தரையிலிருந்து தொடங்கி 12 மணிக்கு முடிந்துவிடுகிறது. 83 விழுக்காடு பயன்பாட்டில் ஓடும் வரிசை தன் நிலையான நீளத்தை எட்டுவதற்கு இந்த நான்கு மணி நேரம் போதாது. ஆகவே வருகை முற்றிலும் தற்செயலாக இருந்திருந்தால் நீங்கள் 30-க்குக் குறைவாகவே அளந்திருக்க வேண்டும். அப்படிக் குறையாமல் போனதற்கு வேறு ஏதோ காரணம் உண்டு. என் ஊகம், நகரப் பேருந்து. மேலூர்ச் சாலையில் பேருந்து நின்றதும் ஐந்தாறு பேர் ஒன்றாக இறங்கி ஒன்றாக வாளி வைக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் வருகை தனித்தனி மழைத்துளியாக இல்லாமல் குடம் குடமாகக் கொட்டுகிறது என்று பொருள். ஒரு பிழை காத்திருப்பைக் குறைத்துக் காட்டுகிறது, இன்னொன்று கூட்டிக் காட்டுகிறது, இரண்டும் சேர்ந்து 30-இல் வந்து நின்றிருக்கின்றன. இதே காரணத்தால் வத்தலைப் பிரித்த பிறகு 1 நிமிடம் என்பதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரே பேருந்தில் 6 பேர் இறங்கினால் முதலாமவருக்குக் காத்திருப்பே இல்லை, ஆறாமவருக்கு 15 நிமிடம், அறுவருக்கும் சராசரி 7.5 நிமிடம். எந்தச் சூத்திரமும் இதைத் தடுக்காது.

சூத்திரத்தை விட்டுவிட்டு ஒரு வரைபடத் தாளை எடுங்கள் என்பது என் பரிந்துரை. கிடையாக நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக, அந்த நேரம் வரை வந்தவர்களின் மொத்த எண்ணிக்கைக்கு ஒரு கோடும், அரைத்து முடித்தவர்களின் மொத்த எண்ணிக்கைக்கு இன்னொரு கோடும் வரையுங்கள். இரண்டு கோடுகளும் படிக்கட்டு போல ஏறும். ஒரு நேரத்தில் அவற்றுக்கிடையே உள்ள செங்குத்து இடைவெளி, அப்போது மில்லில் இருக்கும் வாளிகளின் எண்ணிக்கை. வந்த ஒழுங்கிலேயே அரைக்கிறீர்கள் என்றால் கிடைமட்ட இடைவெளி, அந்த வாளிக்காரர் செலவிட்ட நேரம். கோடுகளுக்கு நடுவே அடைபட்ட பரப்பை நேரத்தால் வகுத்தால் சராசரி எண்ணிக்கை, ஆட்களால் வகுத்தால் சராசரி நேரம். லிட்டில் விதி ஏன் உண்மை என்பது அந்தப் பரப்பைப் பார்த்ததும் தெரிந்துவிடும். எந்தப் பேருந்துக்குப் பின் கோடுகள் விலகுகின்றன, எந்த வத்தலுக்குப் பின் கீழ்க்கோடு படுத்துக்கொள்கிறது என்பதும் அதில் கண்கூடாகத் தெரியும். சராசரி எண் ஒன்றில் அது தெரியாது.

உங்கள் நோட்டில் இல்லாத இரண்டு பத்திகளையும் சேர்க்கச் சொல்வேன். வாளியோடு வந்து, வரிசையைப் பார்த்துவிட்டு, வாளியோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? வைத்த வாளியைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? மணிக்கு 10 என்று நீங்கள் எழுதியிருப்பது அரைத்துச் சென்றவர்களின் எண்ணிக்கை என்றால், உண்மையான வருகை அதைவிடக் கூடுதல். வரிசையைக் குறைத்ததும் திரும்பிப் போனவர்கள் மீண்டும் வருவார்கள், வரிசை மறுபடியும் சற்று நீளும். நீங்கள் செய்த மாற்றம் தோற்றுவிட்டது என்று அப்போது எண்ணிவிடாதீர்கள்.

மாதாந்திர மின் பராமரிப்பு நாளையும் அதற்கு மறுநாளையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.


கேள்வி கேட்டவர்: மில்காரர் மருமகள், மேலூர் (இரண்டு வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. பேருந்து விஷயம் உண்மைதான், 8.40 வண்டிக்கும் 9.50 வண்டிக்கும் பின்னால் மேல்கோடு ஒரே தாவாகத் தாவுகிறது. இத்தனை நாள் கண்முன் நடந்ததை வரைபடத் தாளில்தான் பார்த்தேன்.

வத்தலையும் மல்லியையும் பிற்பகல் 3 மணிக்கு மாற்றி, பெரியவர் ஐயா சொன்னபடி கால் மணிக்கு ஒருவராக நேரம் எழுதிய அட்டையைக் கொடுத்து அனுப்புகிறேன். முதல் மூன்று நாட்கள் காலையில் வத்தல் வாளியோடு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. தூரத்திலிருந்து வருகிற இருவருக்கு மட்டும் விலக்கு அளித்து, அவர்கள் வாளியை வாங்கி வைத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டாவது வாரத்தின் 6 காலைகளை மட்டும் எழுதினேன். மணிக்கு 9 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், 11 பேர் வந்தார்கள். திரும்பிப் போனவர்கள் முன்பு இருந்திருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. வரிசையில் சராசரி 0.9 வாளி, லிட்டில் விதிப்படி 5 நிமிடத்துக்குச் சற்றே குறைவான காத்திருப்பு. மிக அதிகமாக நின்றவர் 9.50 வண்டியில் ஏழாவதாக இறங்கியவர், 19 நிமிடம். அரை மணிக்கு மேல் நின்றவர் ஒருவரும் இல்லை. பிற்பகலில் நாளுக்கு 4 அல்லது 5 வத்தல் வாளிகள். துடைப்பு ஒரே ஒரு முறை.

கணவர் கொண்டுவந்த இயந்திர விலைப்பட்டியலை அலமாரியில் வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அரிசியும் கடலைப் பருப்பும் மட்டுமே வரும், எல்லாம் 3 நிமிட வேலை. ஆசிரியர் ஐயாவின் சூத்திரத்தை நானே போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 18 பேர் வந்தால் காத்திருப்பு 13.5 நிமிடம், 19 பேர் வந்தால் 28.5 நிமிடம், 20 பேர் வந்தால் வகுக்க ஓய்வே மிச்சமில்லை. சென்ற ஐப்பசியில் மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்த ஐப்பசியில் நோட்டோடு வாசலில் உட்காரப் போகிறேன். கடனைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.